பெருந்தமனியும் கால் பெருவிரலும்

காத்தோங் சிலோன் ரோட்டில், செண்பக விநாயகர் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். வயது 76. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் படிவம். அதில் ஒரே ஒரு வரியைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

"நெஞ்சுக்குள்ள இருக்கிற குழாயைத் திருத்தப் போறாங்களாம் பிள்ளை. அதுக்குக் கால் ரெண்டும் ஏன் விளங்காமப் போகவேணும்?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன, பெரும்பாலும் கால் அசையாமல் போன பிறகு. இவர் முன்னாலேயே கேட்டார். அன்றும் அதற்கடுத்த இரண்டு மாலைகளிலும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை அடுக்கடுக்காக அவருக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய். 2024 செப்டம்பர் 30 அன்று நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இதயத்திலிருந்து புறப்படும் முக்கிய இரத்தக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கத்தை முழுவதுமாக அடைத்துவிட்டதாகவும் மருத்துவமனை மறுநாள் அறிக்கை வெளியிட்டது. சில நாட்களில் அவர் வீடு திரும்பினார். 2011இல் அவர் சிங்கப்பூருக்கே வந்து சிகிச்சை பெற்றவர் என்பதால் இங்குள்ள தமிழர்களுக்கு அவர் உடம்பைப் பற்றிய செய்தி வீட்டுச் செய்தி மாதிரி. அந்த வாரம் கோப்பிக்கடையில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் "மாரடைப்பா?" என்று கேட்டார்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் சிறு குழாய் அடைபடுவது. பெருந்தமனி வீக்கமோ பெரிய குழாயின் சுவர் தளர்ந்து பலூன் போலப் புடைப்பது. ஒன்று அடைப்பு, மற்றது புடைப்பு. 2016இல் அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் அமைச்சரவைக் கூட்டத்திலேயே மயங்கி விழுந்ததற்குக் காரணமும் குழாய்ப் புடைப்புத்தான், ஆனால் அது மூளைக்குள் இருந்த சிறு குழாயில்.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலே கிளம்பி, கைத்தடியின் வளைவு போல வளைந்து, முதுகெலும்பின் இடப்பக்கமாக நெஞ்சு வழியே இறங்கி, வயிற்றுக்குள் போய், தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அளவு. அது ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 5 சென்டிமீட்டரையும் எட்டினால், வெடிக்கும் அபாயம் அறுவைச் சிகிச்சையின் அபாயத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. புகைபிடித்தல், முதுமை, இரத்தக் கொதிப்பு, குடும்ப வழி ஆகியவை இதை வளர்க்கும். பெரும்பாலும் வலியே இருக்காது. பெரியவருக்கும் இருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப் பகுதியில் இதே வீக்கம் வந்து அங்கே ஏற்கெனவே குழாய் வைத்திருந்தார்கள். இப்போது நெஞ்சுப் பகுதியில் 6 சென்டிமீட்டர். முன்பு செய்த அந்தச் சிகிச்சையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருவோம்.

இந்த வீக்கத்துக்கு வைக்கும் ஸ்டென்ட், இதயக் குழாயில் வைக்கும் கம்பிவலை ஸ்டென்ட் மாதிரி இல்லை. இது துணி போர்த்திய குழாய். தொடையிடுக்கு வழியாக மடித்துக் கொண்டுபோய் உள்ளே விரிப்பார்கள். இரத்தம் துணிக்குழாய்க்குள்ளேயே ஓடும், வெளியே உள்ள தளர்ந்த சுவரில் மோதாது. நெஞ்சையும் வயிற்றையும் திறந்து செய்யும் பழைய முறையிலும் இதே கதைதான். வீங்கிய பகுதியை வெட்டித் திறந்து டேக்ரான் துணிக்குழாயைத் தைத்துவிடுவார்கள். இரண்டிலும் உயிர் காப்பது துணி. அந்தத் துணிதான் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில். ஏனென்றால் பெருந்தமனி பக்கங்களில் துவாரமில்லாத வெறும் குழாய் இல்லை.

நெஞ்சுக்குள் இறங்கும் வழியில், ஏறக்குறைய ஒவ்வொரு விலா எலும்பு இடுக்குக்கும் இரண்டு பக்கமும் ஒரு ஜோடிக் கிளை அதிலிருந்து பிரிகிறது. வயிற்றுக்குள் மேலும் நான்கு ஜோடி. இவை விலாத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் இரத்தம் கொடுக்கின்றன. அப்படிப் போகிற வழியில் முதுகெலும்புகளின் இடைவெளிக்குள் மெல்லிய கொடிகளை அனுப்பித் தண்டுவடத்துக்கும் சோறு போடுகின்றன. தண்டுவடம் நம் சுண்டுவிரல் தடிமன்தான், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். மூளை "கால் நட" என்று சொல்வது அதன் வழியாகத்தான் இறங்கும். சிறுநீர் வருவது தெரிவதும் அதன் வழியாகத்தான் ஏறும். இவ்வளவு முக்கியமான உறுப்புக்குத் தனக்கென்று சொந்தமாக ஒரு பெரிய குழாய் இல்லை. அண்டை வீட்டுக் குழாய்களிலிருந்து சிறிது சிறிதாக வாங்கியே பிழைக்கிறது.

இது புதிதாகத் தெரிந்த செய்தியுமில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறியலார் நீல்ஸ் ஸ்டென்சன், உயிருள்ள பிராணியின் பெருந்தமனியைக் கட்டினால் உடலின் பின்பாதி அசையாமல் போகிறது என்று 1667இலேயே எழுதிவிட்டார். 1880களின் தொடக்கத்தில் போலந்து நாட்டின் ஆல்பர்ட் ஆடம்கீவிச், மனிதத் தண்டுவடத்தின் இரத்தக்குழாய்களை வரைந்து காட்டினார். தண்டுவடத்தின் முன்பக்கம் ஒரு குழாயும் பின்பக்கம் இரண்டு குழாய்களும் ஓடுகின்றன. முன்பக்கத்து ஒற்றைக் குழாய்தான் வடத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு இரத்தம் கொடுக்கிறது. கீழ்ப்பாதியில் அதற்கு வந்து சேரும் கிளைகளில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரியது. பலருக்கு அது இடப்பக்கம், நெஞ்சின் கீழ்ப்பகுதியிலோ இடுப்புக்குச் சற்று மேலேயோ நுழைகிறது. அதற்கு இன்றும் ஆடம்கீவிச்சின் பெயர்தான்.

இந்த ஏற்பாட்டால் விளையும் ஒரு விசித்திரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மிகவும் தேவைப்படும். முன்பக்கக் குழாயின் ஆட்சிக்குட்பட்டவை அசைவும், வலியும், சூடு குளிர் அறிவதும். தொட்டால் தெரிவதும், கால் எந்த நிலையில் இருக்கிறது என்று உணர்வதும் பின்பக்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே இரத்தம் குறைந்து முன்பக்கம் பட்டினி கிடக்கும் ஒருவர் "நீங்க தொடுறது தெரியுது" என்று தெளிவாகச் சொல்வார். ஆனால் காலைத் தூக்க அவரால் முடியாது.

அறுவைச் சிகிச்சையில் நடப்பதை இப்போது விளங்கிக்கொள்ளலாம். திறந்து செய்யும் முறையில், தைக்கும் நேரமெல்லாம் பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்கி வைக்கிறார்கள். அதுவரை கீழே இரத்தம் போகாது. தைத்து முடித்த பிறகும், வெட்டிய பகுதியிலிருந்த கிளைகளில் பல நிரந்தரமாகப் போய்விடுகின்றன. உள்ளே குழாய் விரிக்கும் முறையில் கவ்வி இல்லை, ஆனால் துணி மூடிய இடத்துக் கிளைகளெல்லாம் ஒரே நொடியில் மூடப்படுகின்றன. எவ்வளவு நீளம் மூடுகிறோமோ அவ்வளவு ஆபத்து. வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குக் கீழே மட்டும் செய்தால் கால் போவது மிக அரிது. 1978இல் வெளியான ஒரு கணக்கு அதை 400 பேரில் ஒருவர் என்றது. நெஞ்சிலிருந்து வயிறு வரை நீண்டால் நிலைமை வேறு. ஹூஸ்டனில் ஸ்டான்லி கிராஃபோர்டு செய்த 1,509 அறுவைச் சிகிச்சைகளின் கணக்கு 1993இல் வந்தது. அவர் அந்தக் காலத்தின் மிகத் தேர்ந்த கைகளில் ஒருவர். அப்படியும் 16 சதவிகிதம் பேருக்குக் காலில் பலவீனமோ முழுச் செயலிழப்போ வந்தது. இடத்தோள் அருகே தொடங்கி வயிற்றின் அடிவரை போகும் மிக நீளமான வகையில் அது 31 சதவிகிதம். பத்தில் மூவர்.

இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. நெஞ்சுப் பகுதியில் துணிக்குழாய் விரிக்கும் முறையில், ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், 100 பேரில் 2 முதல் 10 பேர் வரை என்கிறார்கள். எப்படிக் குறைந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஒரு பெரிய கண்டுபிடிப்பு வந்து மாற்றிவிடவில்லை. தண்டுவடம் எப்படிச் சாப்பிடுகிறது என்ற புரிதலே மாறியது.

முன்பெல்லாம் அந்த ஒரு பெரிய கிளையைக் கண்டுபிடித்து எப்படியாவது காப்பாற்றுவதுதான் குறியாக இருந்தது. நியூயார்க்கில் ராண்டல் கிரீப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் வேறு மாதிரி பார்த்தார்கள். தண்டுவடத்தைச் சுற்றியும் முதுகுத் தசைக்குள்ளும் சிறு குழாய்களின் பெரிய வலையே இருக்கிறது. மேலே தோள் குழாயிலிருந்தும், நடுவில் விலாக் கிளைகளிலிருந்தும், கீழே இடுப்புக் குழாயிலிருந்தும் அதற்கு இரத்தம் வருகிறது. ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து ஈடுகட்டுகின்றன. காத்தோங்காரர்களுக்கு இதை விளக்க நான் தூரம் போக வேண்டியதில்லை. தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி தடத்துக்காக மரீன் பரேட் ரோட்டை ஆண்டுக்கணக்கில் தோண்டி வைத்திருந்தார்கள். 2024 ஜூன் 23 அன்று நிலையங்கள் திறக்கும்வரை பாதை மாதாமாதம் இடம் மாறியது. ஆனாலும் யாரும் வீடு சேராமல் இருக்கவில்லை. சந்துகளைப் பழகிக்கொண்டோம், ஜூ சியட் பக்கம் சுற்றிப் போனோம். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டையும் மரீன் பரேட் ரோட்டையும் சந்துகளையும் ஒரே காலையில் சேர்த்து மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ மக்கள் வழி கண்டுபிடித்திருப்பார்கள். முதல் நாள்தான் கடினம்.

தண்டுவடத்துக்கும் முதல் சில நாட்கள்தான் கடினம். அதனால்தான் இப்போது பல இடங்களில் நீண்ட வீக்கத்தை ஒரே மூச்சில் மூடுவதில்லை. ஒரு பகுதியை முதலில் மூடி, சில நாட்களோ வாரங்களோ விட்டு, வலை பழகிய பிறகு அடுத்த பகுதிக்குப் போகிறார்கள். சிலர் பெரிய சிகிச்சைக்கு முன்பே சில விலாக் கிளைகளை வேண்டுமென்றே அடைத்து, மற்ற வழிகளைப் பழக்கிவிடுகிறார்கள். இடக்கைக்குப் போகும் குழாயின் வாயைத் துணி மூட வேண்டியிருந்தால், கழுத்துக் குழாயிலிருந்து அதற்கு ஒரு மாற்று வழியை முன்கூட்டியே தைத்துவிடுகிறார்கள். ஏனெனில் தண்டுவடத்தின் மேல் வாசல் அங்கேதான் இருக்கிறது. இடுப்புக் குழாய்களையும் அதே மாதிரிக் காக்கிறார்கள். பெரியவருக்கு வயிற்றில் ஏற்கெனவே குழாய் வைத்தபோது இடுப்பெலும்புப் பக்கத்துக் கிளைகள் சில போய்விட்டன. கீழ் வாசல் பாதி சாத்தியிருக்கும்போது நடு வாசலையும் மூடப் போகிறார்கள். அவருடைய படிவத்தில், அவர் வட்டமிட்ட அந்த வரி தடித்த எழுத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

திறந்து செய்யும்போது உதவும் வேறு வழிகளும் உண்டு. கவ்வி போட்டிருக்கும் நேரத்தில் இதயத்தின் இடப்பக்கத்து இரத்தத்தை ஒரு பம்ப் வழியாகத் தொடைக் குழாய்க்குள் செலுத்திக் கீழ்ப்பாதியை உயிரோடு வைப்பார்கள். முக்கியமான விலாக் கிளைகளைத் துணிக்குழாயில் துளையிட்டுத் திரும்பத் தைப்பார்கள். உடம்பைச் சில டிகிரி குளிர்விப்பார்கள், குளிர்ந்த நரம்புக்குப் பசி குறைவு. மயக்கத்தில் இருப்பவரின் தலையில் மின்துடிப்புக் கொடுத்துக் கால் தசையில் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அறுவைச் சிகிச்சை செய்யும் முறையும் உண்டு. இவை அறுவைச் சிகிச்சை அறைக்குள் நடப்பவை. நான் நின்ற இடம் அதற்கு வெளியே, கதவு திறந்து கட்டில் வெளியே வந்த பிறகு. எனக்கு நன்றாகத் தெரிந்தது அங்கேதான் தொடங்குகிறது.

அழுத்தம். இந்தச் சொல்லை விளங்கிக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். தண்டுவடம் ஓர் உறைக்குள் தண்ணீரில் மிதக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த அந்தத் தெளிந்த நீர் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். அதற்கும் ஓர் அழுத்தம் உண்டு, சாதாரணமாக 10 மில்லிமீட்டர் பாதரச அளவு. தமனிக்குள் இரத்தத்தின் சராசரி அழுத்தம் சுமார் 90. இரத்தம் தண்டுவடத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் வெளியே சூழ்ந்திருக்கும் நீரின் அழுத்தத்தை வெல்ல வேண்டும். 90இலிருந்து 10 போனால் 80, அதுதான் தண்டுவடத்துக்குக் கிடைக்கும் தள்ளுவிசை. இரத்தம் குறைந்து காயப்பட்ட தண்டுவடம் வீங்குகிறது, நீரின் அழுத்தம் 20 ஆகிறது. இரவில் இரத்த அழுத்தமும் 60க்கு இறங்குகிறது என்று வையுங்கள். 60இலிருந்து 20 போனால் 40. பாதி.

இதைப் பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவரே ஓர் உதாரணம் எடுத்துக் கொடுத்தார். கிழக்குக் கடற்கரையில் 1966இல் நிலமீட்பு தொடங்குவதற்கு முன் கடல் இங்கே பக்கத்திலேயே இருந்தது. "கடல் பெருகிற நேரம் மழை பெய்தா கான் தண்ணி கடலுக்குள்ள இறங்காது பிள்ளை. தெருவில நிக்கும். கடல் வத்தினாத்தான் ஓடும்." அதேதான். உள்ளே போக வேண்டிய இரத்தத்தை வெளியே உள்ள நீர்மட்டம் தடுக்கிறது. இரண்டு வழிகள் உண்டு, தள்ளும் பக்கத்தை உயர்த்தலாம், தடுக்கும் பக்கத்தை இறக்கலாம். நல்ல மருத்துவமனைகள் இரண்டையும் செய்கின்றன.

தடுக்கும் பக்கத்தை இறக்க, இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெல்லிய டியூப் ஒன்றைச் செருகி அந்த நீரைச் சொட்டுச் சொட்டாக வடிக்கிறார்கள். இது உண்மையில் உதவுகிறதா என்பது நெடுநாள் சர்ச்சையாக இருந்தது. ஹூஸ்டனில் ஜோசப் கோசெல்லியின் குழு 2002இல் அதற்குப் பதில் கொடுத்தது. நெஞ்சு முதல் வயிறு வரை நீண்ட வீக்கமுள்ள 145 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். நீர் வடிக்காதவர்களில் 13 சதவிகிதம் பேருக்குக் கால் பாதித்தது, வடித்தவர்களில் 2.6 சதவிகிதம். ஒரு சிறு டியூப் இத்தனை கால்களைக் காத்ததைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அந்த டியூப் தன் பங்குக்கு ஆபத்தும் கொண்டது. வேகமாக வடித்துவிட்டால் மூளை சற்றுத் தாழ்ந்து, மேலே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டுக் கிழிந்து இரத்தம் கசியலாம். டியூப் செருகிய இடத்தில் இரத்தம் கட்டினால் அதுவே தண்டுவடத்தை நெரிக்கும். தொற்று வரலாம், கடுமையான தலைவலி வரலாம். ஆகவே மணிக்கு 10, 15 மில்லிலிட்டருக்கு மேல் வடியாமல் தாதி அளந்துகொண்டே இருப்பார். நோயாளியைத் திருப்பவோ உட்கார வைக்கவோ வேண்டுமென்றால் முதலில் டியூபை மூடுவார். கட்டிலின் உயரம் மாறினாலே கணக்கு மாறிவிடும். பார்க்க வரும் பிள்ளைகள் "அப்பாவுக்கு வசதியா இருக்கட்டும்" என்று பொத்தானை அழுத்திக் கட்டிலை உயர்த்துவதை எத்தனையோ முறை ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன். தயவுசெய்து தாதியைக் கேட்காமல் அந்தக் கட்டிலைத் தொடாதீர்கள். இந்த ஆபத்துகளை எண்ணித்தான், துணிக்குழாய் விரிக்கும் முறையில் எல்லாருக்கும் முன்கூட்டியே டியூப் போடுவதா, அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இதை உங்கள் மருத்துவரிடம் நேரே கேட்கலாம், அது மரியாதைக் குறைவான கேள்வி ஆகாது.

தள்ளும் பக்கத்தை உயர்த்துவதில் ஒரு முரண் இருக்கிறது. குடும்பங்கள் இங்கேதான் மிகவும் குழம்புகின்றன. வீக்கம் இருப்பது தெரிந்த நாளிலிருந்து நோயாளிக்கு ஒரே உபதேசம், பிரஷர் ஏறக்கூடாது. உப்பைக் குறை, மாத்திரையைத் தவறவிடாதே என்று வீடே காவல் காக்கும். பலதுறை மருந்தகத்திலும் அதையே சொல்வார்கள். சிகிச்சை முடிந்த அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். வீக்கம் துணிக்குழாய்க்கு வெளியே போய்விட்டது, வெடிக்கும் பயம் அடங்கிவிட்டது. இப்போது பயம் தண்டுவடத்தைப் பற்றி. சராசரி அழுத்தத்தை 90க்குக் குறையாமல், சிலருக்கு அதற்கும் மேலே வைக்கப் பார்ப்பார்கள். வழக்கமான பிரஷர் மாத்திரைகளை நிறுத்தி வைப்பார்கள். தேவையானால் அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் சொட்டாக ஏற்றுவார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் இரத்தம் ஏற்றுவார்கள், தண்டுவடத்துக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் நிறைய ஆக்சிஜனைச் சுமக்க வேண்டும் என்பதற்காக. திரையில் 150 என்ற எண்ணைப் பார்த்துப் பதறும் மகளிடம் "இது நாங்கள் வேண்டுமென்றே வைத்திருப்பது" என்று சொல்லி அமைதிப்படுத்துவது என் வேலையில் ஒரு பகுதியாகவே இருந்தது.

அடுத்தது காவல். இந்தப் பாதிப்பு எப்போதும் உடனே வருவதில்லை. மயக்கம் தெளிந்து இரண்டு காலையும் நன்றாகத் தூக்கியவருக்கு அன்றிரவோ, இரண்டாம் மூன்றாம் நாளோ, அரிதாக வாரங்கள் கழித்தோகூட வரலாம். இரத்த அழுத்தம் ஒருமுறை சரிந்தால் போதும். இரத்தப்போக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, டயாலிசிஸ், அவசரப்பட்டுத் திரும்பத் தொடங்கிய பிரஷர் மாத்திரை, எதுவும் அதைச் சரிக்கலாம். கெட்ட செய்தி போலத் தெரிந்தாலும் இதில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. தாமதமாக வரும் பாதிப்பு பெரும்பாலும் செத்துப்போன நரம்பின் அடையாளமில்லை, பட்டினியில் தள்ளாடும் நரம்பின் அடையாளம். உடனே சோறு கிடைத்தால் எழுந்துவிடும். மணிக்கணக்கில் காத்திருந்தால் எழாது. இந்தத் தொழிலில் நான் கற்ற அனைத்திலும் இதுவே எனக்குப் பெரியது.

ஆகவே மணிக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல், தாதி வந்து எழுப்புவார். கால் பெருவிரலை மேலே தூக்குங்கள், முட்டியை மடியுங்கள், காலைக் கட்டிலிலிருந்து உயர்த்துங்கள். இடது, பிறகு வலது. தூக்கக் கலக்கத்தில் பலர் எரிச்சலடைவார்கள். சிலர் "எல்லாம் தெரியுது, தூங்க விடுங்க" என்பார்கள். தெரிவது போதாது. முன்பு சொன்ன விசித்திரம் இங்கேதான் உயிர்பெறுகிறது, தொட்டால் தெரியும் காலும் தூக்க முடியாத காலாக இருக்கலாம்.

ஒரு விடிகாலை மூன்று மணிக்கு என் கண்முன்னாலேயே அது நடந்தது. இரண்டு மணிக்கு முட்டியை மடித்தவர் மூன்று மணிக்கு மடிக்கவில்லை. "தூக்கிட்டேனே" என்றார், அவர் தூக்கியதாகவே நம்பினார். கால் போர்வைக்குள் அசையாமல் கிடந்தது. இரத்த அழுத்தம் அரை மணியாக மெல்ல இறங்கியிருந்தது. அபாய மணி ஒலிக்கும் அளவுக்கு இல்லை, கவனிக்காமல் விடும் அளவுக்குத்தான். மருத்துவரை அழைத்தேன். அழுத்தத்தை ஏற்றினோம், தலையணையை எடுத்து மட்டமாகப் படுக்க வைத்தோம், டியூபில் நீரின் அழுத்தத்தை இன்னும் இறக்கினோம், ஆக்சிஜன் கொடுத்தோம், இரத்தத்துக்குச் சொன்னோம். டியூப் இல்லாதவராக இருந்தால் அந்த நேரத்தில்தான் அவசரமாகப் போடுவார்கள். இரத்தக்கட்டு ஏதும் நெரிக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுப்பதும் உண்டு. நாலு மணிக்குப் பெருவிரல் அசைந்தது. ஆறு மணிக்கு முட்டி மடங்கியது. அந்த மூன்று மணிச் சோதனையை "பாவம், தூங்கட்டும்" என்று நான் தள்ளிப்போட்டிருந்தால் ஐந்து மணிக்கு என்ன பார்த்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

எல்லாருக்கும் அப்படித் திரும்பாது. அதையும் நேராகச் சொல்ல வேண்டும். தண்டுவடத்தைக் காக்கும் என்று ஸ்டீராய்டு முதல் பல மருந்துகளை முயன்றிருக்கிறார்கள், உறுதியாக நம்பி நிற்க ஒன்றும் அமையவில்லை. கால் திரும்பாதவர்களுக்கு அடுத்த நாளிலிருந்தே வேறு வேலை தொடங்குகிறது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, சிறுநீர்ப்பையையும் குடலையும் பழக்குவது, கால் சிரைகளில் இரத்தம் உறையாமல் பார்ப்பது, இறுகும் தசைகளை நீட்டிவிடுவது, மனம் உடைந்துபோகாமல் பக்கத்தில் இருப்பது. கொஞ்சமாவது அசைவு மிச்சமிருப்பவர்கள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்றே மறுவாழ்வுச் சிகிச்சை உண்டு. வீடு திரும்பிய பிறகு உதவ எஸ்பிடி போன்ற அமைப்புகள் இருக்கின்றன. எஸ்பிடி 1964இல் செயலிழந்தோருக்கு உதவும் சங்கமாகத் தொடங்கியது.

இந்த இடத்தில் வேலூரை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையை வளர்த்தார். அங்கே மறுவாழ்வு நிலையம் 1966இல் திறந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் இளம் வயதில் கடற்படைத் தேர்வின்போது முதுகெலும்பு முறிந்தவர்தான். இவர்களுக்கு வந்தது தமனி நோய் இல்லை. ஆனால் தண்டுவடம் போன பிறகு வாழும் வாழ்க்கையைத் தமிழ்நாட்டில் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்களே. இவர்களைப் பற்றிச் சொன்னபோது பெரியவர் வெகுநேரம் பேசாமல் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாலை அவர் ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டார். ஒரே முறையில் செய்வீர்களா, இரண்டு முறையாகவா? முதுகில் டியூப் முன்கூட்டியே போடுவீர்களா? இடக்கைக் குழாய் மூடப்படுமா? என் பிரஷர் மாத்திரைகளை எப்போது நிறுத்த வேண்டும், மறுபடி தொடங்கலாம் என்று யார் சொல்வார்கள்? வீட்டுக்கு வந்த பிறகு கால் கனத்தால் அம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு நானே பதில் சொன்னேன். காலைவரை பொறுத்துப் பார்க்கவே வேண்டாம், உடனே அழையுங்கள் அங்கிள்.

சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அவர் மகள் எனக்குப் போன் செய்தாள். டியூபை மூடிவைத்துப் பார்க்கிறார்களாம், கால் இரண்டையும் நன்றாகத் தூக்குகிறாராம். வீட்டிலிருந்து அப்பாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் போயிருந்தாள். திங்கள், செவ்வாய் என்று எழுதிய அந்தப் பெட்டியில் காலை வேளைக்குரிய இளஞ்சிவப்பு மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன என்றாள்.

"டொக்டர் சொல்லும்வரை திறக்கக்கூடாது எண்டு அப்பாவே வாங்கித் தலகாணிக்குக் கீழ வச்சிருக்கிறார் அக்கா."